பழைய வண்டியும் புதிய கம்பியும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழா அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கவிதை பேசும் அவையில் இன்று ஒரு டிரக்கின் மின்கம்பியைப் பற்றிய பேச்சு. தலைப்பைக் கண்டு புன்னகைத்தவர்கள் இருக்கக்கூடும். ஆனால் பழையதைக் காப்பது எப்படி, எதை மாற்றினால் பழமை கெடும், எதை மாற்றாவிட்டால் பழமையே அழியும் என்னும் வினாக்கள் ஏட்டுச் சுவடிக்கும் இரும்பு வண்டிக்கும் பொதுவானவை. சுவடியில் விடை பிழைத்தால் ஒரு பாடம் கெடும். வண்டியில் விடை பிழைத்தால் ஓர் உயிர் போகவும் கூடும். ஆதலால் பழைய வண்டிகளைப் புதுக்குவோர் இவ்வினாவை எதிர்கொள்ளும் முறை, சொல்லைக் காக்கும் தொழிலில் உள்ளோரும் ஒருமுறை கேட்டுவைக்கத் தக்கது.

பொதுப்படப் பேசுவதைவிட ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு பேசுவது தெளிவு தரும். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவில் செவர்லே நிறுவனம் ‘அட்வான்ஸ் டிசைன்’ என்னும் பெயரில் ஒரு டிரக் வரிசையை வெளியிட்டது. 1955ஆம் ஆண்டின் தொடக்க மாதங்கள் வரை அவ்வரிசை தயாராயிற்று. அவற்றுள் 3100 என்னும் எண் பெற்றது அரை டன் பிக்கப். உருண்டு திரண்ட முகம், முகப்பில் கிடைக்கோடாக ஐந்து பட்டைகள், பின்னால் மரப்பலகை பரப்பிய சரக்குத் தொட்டி. இதுவே அதன் தோற்றம். பண்ணைகளுக்கும் சிறு கடைகளுக்கும் உழைத்து, பிறகு கொட்டகைகளின் மூலையில் தூசு படிந்து கிடந்த அவ்வண்டிகளைத் தேடி எடுத்துப் புதுக்குவது இன்று அந்நாட்டில் பலருக்கும் விருப்பமான தொழில். சிலருக்கு வாழ்க்கையே அதுதான்.

இவ்வண்டியின் மின்னமைப்பு இன்றைய கண்ணுக்கு மிக எளியது. ஆறு வோல்ட் பேட்டரி ஒன்று, அதற்கு மின்னேற்ற ஒரு டைனமோ, டைனமோவை அடக்கியாள ஒரு ரெகுலேட்டர், முன்னே இரண்டு விளக்குகள், பின்னே இடப்புறம் மட்டும் ஒரு விளக்கு, ஓர் ஒலிப்பான், ஓட்டுபவர் முன்னே சில அளவிகள். திரும்பும் திசையைக் காட்டும் விளக்குகள்கூட விரும்பியவர் தனியே வாங்கிப் பொருத்திக்கொண்டவையே. இவற்றையெல்லாம் இணைக்கும் கம்பிகள் ஒன்றாகக் கட்டப்பட்டு, மரத்தின் கிளைபோல ஆங்காங்கே பிரிந்து செல்கின்றன. மெக்கானிக்குகள் இதை ஒயரிங் என்று சொல்வர். கம்பிக் கோவை என்று தமிழில் சொல்லலாம்.

அக்காலத்துக் கம்பியின் உடல் மூன்று அடுக்குகளால் ஆனது. நடுவில் செம்பு இழைகள், அவற்றின்மேல் ரப்பர், அதன்மேல் மெருகு பூசிய பருத்தி நூற்பின்னல். பின்னலின் நிறத்தையும் அதில் ஊடே ஓடும் வேற்று நிற இழையையும் கொண்டு எந்தக் கம்பி எங்கே செல்கிறது என்று அறியலாம். நெகிழிக் காப்பு பரவலாக வந்தது பின்னரே.

ரப்பர் முதுமை அடையும் பொருள். வெப்பமும் எண்ணெய்ப் பசையும் காற்றின் ஆக்சிஜனும் ஓசோனும் அதன் நெகிழ்வைச் சிறிது சிறிதாகக் கவர்ந்துகொள்ளும். எழுபது ஆண்டுகளுக்குப் பின் அது பெரும்பாலும் வளைவதில்லை. விரலால் மடித்தால் ஓடுபோல் உடைந்து உதிர்கிறது. வெளியேயுள்ள நூற்பின்னல் மட்டும் வடிவம் குலையாமல் நிற்கும். பார்ப்பவருக்குக் கம்பி முழுமையாகத் தோன்றும்; உள்ளே காப்பு இராது. இம்முதுமை எல்லா இடத்திலும் ஒருபோல் வருவதுமில்லை. எஞ்சினின் வெப்பம் படும் இடம், கேபினின் முன்சுவரைத் துளைத்துக் கம்பி உள்ளே நுழையும் இடம், முகவிளக்கின் கிண்ணம், ஸ்டியரிங் தண்டின் அடி, ஆம்பியர்மானியின் பின்புறம் ஆகிய இடங்களில் அது முந்தி வரும். ஆய்வு தொடங்க வேண்டிய இடங்களும் இவையே.

இங்கேதான் முதல் மயக்கம் நேர்கிறது. கொட்டகையிலிருந்து வெளியே இழுத்த வண்டிக்குப் புதிய பேட்டரி ஒன்றை இணைக்கிறார் ஒருவர். விளக்கு எரிகிறது, ஒலிப்பான் ஒலிக்கிறது. ‘கம்பி நன்றாகத்தானே இருக்கிறது, மாற்றுவானேன்?’ என்று அவர் எண்ணுவது இயல்பு. ஆனால் விளக்கு எரிவது, மின்சாரம் போகும் வழி முற்றிலும் அறுந்துபோகவில்லை என்பதற்கே சான்று. அவ்வழி பாதுகாப்பானது என்பதற்கு அது சான்றாகாது. காப்பு உதிர்ந்த கம்பியும் அருகிலுள்ள தகட்டைத் தொடாத வரையில் விளக்கை எரிக்கவே செய்யும்.

கருவியும் இம்மயக்கத்துக்குத் துணைபோவது உண்டு. தடையை அளக்கும் மீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே கம்பியில் செலுத்திப் பார்க்கும். பதினைந்து இழைகளில் பதினான்கு அறுந்து ஒன்றே மிஞ்சினாலும் அச்சிறு ஓட்டத்துக்கு அது போதும். மீட்டர் குறையில்லை என்றே காட்டும். அனுபவம் உடையோர் ஆகவே வேறு முறையில் சோதிப்பர். விளக்கை எரியவிட்டு, அதாவது கம்பியின்மேல் சுமையை ஏற்றிவைத்து, கம்பியின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே எத்தனை வோல்ட் இழக்கப்படுகிறது என்று அளப்பர். ஓய்வில் நல்லதாகத் தோன்றும் கம்பி சுமையில்தான் தன் உண்மையைச் சொல்லும்.

ஆறு வோல்ட் வண்டியில் இச்சோதனை ஏன் இன்னும் இன்றியமையாதது என்பதை ஒரு கணக்கு காட்டும். முகவிளக்கு ஒன்றுக்கு 45 வாட் எனக் கொண்டால் இரண்டுக்கும் 90 வாட். ஆறு வோல்ட்டில் இதற்கு 15 ஆம்பியர் ஓட வேண்டும். பன்னிரண்டு வோல்ட்டில் ஏழரை ஆம்பியர் போதும். வழியில் துருப்பிடித்த ஓர் இணைப்பு 0.05 ஓம் தடை தருவதாகக் கொள்வோர், ஆறு வோல்ட் வண்டியில் முக்கால் வோல்ட் அங்கேயே இழக்கப்படுவதைக் காண்பர். இது மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு. இழை விளக்கின் ஒளி, மின்னழுத்தம் குறையும் அளவைவிட மிக விரைவாகக் குறையும் இயல்பினது. ஆதலால் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். போன ஆற்றல் எங்கும் மறைவதில்லை. அந்த இணைப்பிலேயே 11 வாட் வெப்பமாக வெளிப்படுகிறது. பற்றவைக்கும் சிறிய சூட்டுக்கோல் ஒன்றின் வெப்பத்துக்கு இது மிகத் தொலைவில் இல்லை. அதன் பக்கத்தில் உதிரும் ரப்பரும் எண்ணெய் ஊறிய பருத்தியும் இருக்கின்றன என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

வண்டியின் அமைப்பிலேயே வேறு இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது, செல்ஃப் மோட்டாருக்குச் செல்லும் தடித்த கம்பியைத் தவிர, பேட்டரியின் மின்சாரம் அனைத்தும் ஓட்டுபவர் முன்னுள்ள ஆம்பியர்மானி வழியாகவே சென்று வருகிறது. அந்த முதன்மைக் கம்பிக்கு உருகி இல்லை. அது எங்கேனும் உடற்தகட்டைத் தொட்டால், பேட்டரி தன்னால் இயன்ற நூற்றுக்கணக்கான ஆம்பியரையும் அதில் பாய்ச்சும், கம்பி செந்தழலாகும். இரண்டாவது, 1949ஆம் ஆண்டின் பிற்பகுதி வண்டிகளிலிருந்து பெட்ரோல் தொட்டி கேபினுக்குள்ளேயே, இருக்கைக்குப் பின்னே நிமிர்த்தி வைக்கப்பட்டது. காப்பற்ற கம்பிக்கும் பெட்ரோலுக்கும் இடையே அமர்ந்து வண்டியை ஓட்டுகிறார் ஒருவர். அவர் பக்கத்தில் பேரக்குழந்தையும் இருக்கலாம். ‘மாற்றுவானேன்’ என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது.

இனி, எழுபது ஆண்டு வாழ்ந்த கம்பிக் கோவை பிறந்த வடிவில் இருப்பது அரிது. ஒருவர் பின்புறத்தில் வலப்பக்கம் விளக்கு ஒன்றைச் சேர்த்திருப்பார். இன்னொருவர் வானொலிக்கு வழி செய்திருப்பார். மூன்றாமவர் எரிந்துபோன கம்பியை வெட்டி, கையில் கிடைத்த வேறு நிறக் கம்பியை முறுக்கி இணைத்து, நாடா சுற்றி விட்டிருப்பார். சுவடி படித்தோர் மொழியில் சொன்னால் இவை இடைச்செருகல்கள். சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கி, பாடபேதங்களைக் குறித்துவைத்தே மூலத்தை நிறுவினார். கண்டதையெல்லாம் மூலமென்று கொள்ளவுமில்லை. ஐயத்துக்குரியவற்றைச் சுவடு தெரியாமல் அழிக்கவுமில்லை. வண்டியைப் புதுக்குவோரும் அவ்வாறே நிறுவனத்தின் மின்வரைபடத்தை ஒரு கையிலும் உள்ள கம்பியை மறு கையிலும் வைத்துக்கொண்டு, எது பிறந்தது, எது புகுந்தது என்று பிரித்துக் குறிக்க வேண்டியவராகின்றனர்.

அவ்வாறு பிரித்துப் பார்த்தபின், மாற்றுவதா வேண்டாமா என்பது மூன்று வகையாகத் தெளியும்.

முதல் வகை, பிறந்த நாள்முதல் எவர் கையும் படாத வண்டி. இனிச் சாலையில் ஓடப்போவதுமில்லை, காட்சிக் கூடத்தில் நிற்கப்போகிறது. அதன் பழைய கம்பியே ஒரு சான்று. பேட்டரியைக் கழற்றிவிட்டு, கம்பியை உள்ளபடி விட்டுவைப்பதே முறை. இங்கே புதுக்குதல் என்பது அழித்தலாகிவிடும்.

இரண்டாம் வகை, இடைக்காலத்தில் ஒருவர் நெகிழிக் காப்புள்ள கம்பியால் ஒழுங்காக மாற்றியமைத்த வண்டி. காப்பு வளைகிறது, சுமையில் வோல்ட் இழப்பு மிகக் குறைவு, இணைப்புகள் இறுக்கமாக உள்ளன. அதற்குக் கெட்ட இணைப்பையும் தேய்ந்த முனையையும் மட்டும் மாற்றினால் போதும். நல்லதைக் கழற்றி எறிவதில் சிறப்பு ஒன்றுமில்லை.

மூன்றாம் வகை, சாலையில் ஓடப்போகும் வண்டியில் பழைய ரப்பர்க் கம்பியே இருப்பது. சோதிக்கும்போது ஓரிடத்தில் காப்பு உதிர்ந்தாலும் முழுக் கோவையையும் மாற்றுவதே அறிவுடைமை. ஒரு கம்பியின் காப்பு உதிர்ந்தால், அதனுடன் அதே நாளில் பிறந்து, அதே கட்டில் கிடந்த மற்றக் கம்பிகளுக்கும் அதே வயதுதான். உதிர்ந்த ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை நம்புவது, விழுந்த பல்லை மட்டும் கட்டிக்கொண்டு ஆடும் பற்களால் கரும்பு கடிப்பது போன்றது. மேலும், ஒன்றை மாற்ற முயல்கையில் கட்டு அசையும். அசைவில் அடுத்த கம்பியின் காப்பும் உடையும்.

மாற்றுவது என்று தெளிந்தபின் எழுவதே, புதுக்குவோர் தம்முள் ஓயாமல் விவாதிக்கும் வினா: எப்போது? தொடக்கத்திலேயேவா, எல்லாம் முடிந்தபின் இறுதியிலா? இதற்கு ஒரே சொல்லில் விடை தேடுவோர் குழப்பத்தில் முடிகின்றனர். ஏனெனில் இங்கே இருப்பவை இரண்டு செயல்கள். முடிவு செய்தல் ஒன்று. கம்பியைப் பூட்டுதல் மற்றொன்று. முடிவு எல்லாவற்றுக்கும் முன் வர வேண்டும். பூட்டும் வேலை நடுவில் வர வேண்டும். இரண்டையும் ஒன்றாக எண்ணி இரண்டையும் இறுதிக்குத் தள்ளுவதே பெரும்பாலான துன்பங்களின் வேர்.

முடிவு முதலில் வர வேண்டியதற்குக் காரணங்கள் உள. வண்டியைப் பிரிக்கத் தொடங்கும் நாளில், பழைய கம்பிக் கோவைதான் கையிலுள்ள நம்பத்தக்க வழிகாட்டி. எந்தக் கிளை எந்தத் துளை வழியாகச் சென்றது, எங்கே கவ்வி வைத்துப் பிடித்திருந்தது, எந்த முனை எந்தத் திருகில் இருந்தது என்பதையெல்லாம் அது தன் உடலில் வைத்திருக்கிறது. பொறுமையிழந்து வெட்டி எடுத்தால் அவ்வளவும் ஒரே நாளில் போய்விடும். ஆகவே படம் எடுத்து, தாளில் வரைந்து, ஒவ்வொரு முனையிலும் கழன்றுவிடாத சீட்டுக் கட்டி, முழுக் கோவையையும் வெட்டாமல் ஒரே உடலாக வெளியே எடுக்க வேண்டும். நிறம் மங்கிய நூல் என்ன நிறமாக இருந்தது என்பதை, ஒளி படாத மடிப்பைப் பிரித்துப் பார்த்து அப்போதே எழுதிவைக்க வேண்டும்.

மற்றொரு காரணம், வேறு பல முடிவுகள் இந்த ஒன்றில் தொங்குகின்றன. ஆறு வோல்ட்டிலேயே நிற்பதா, பன்னிரண்டுக்கு மாறுவதா என்பது அவற்றுள் முதன்மையானது. செவர்லே நிறுவனமே 1955இல் வெளியிட்ட அடுத்த டிரக் வரிசையில் பன்னிரண்டுக்கு மாறிவிட்டது. ஃபோர்டு டிரக்குகள் 1956இல் மாறின. மாற்றினால் விளக்கு, பற்றவைப்புச் சுருள், ஹீட்டர் மோட்டார், பெட்ரோல் அளவி எனப் பலவும் மாற்றத்தையோ தணிப்பையோ வேண்டும். பன்னிரண்டு வோல்ட்டில் ஓட்டம் பாதியாவதால் பழைய கம்பியே போதும் என்று வாதிடுவோர் உண்டு. கம்பியின் தடிமனைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் தடிமன் போதும் என்பதால் உதிர்ந்த காப்பு மீண்டும் ஒட்டிக்கொள்வதில்லை. வோல்ட்டை மாற்றுவது கம்பியை மாற்றுவதற்கு ஈடாகாது.

டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைக்க விரும்புவோரும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அக்கால டைனமோ ஏறக்குறைய 35 ஆம்பியர் தந்தது. கம்பியும் ஆம்பியர்மானியும் அதற்கே அளந்து செய்யப்பட்டவை. 60 ஆம்பியரும் அதற்கு மேலும் தரவல்ல ஆல்டர்னேட்டரின் ஓட்டம் முழுவதையும் அதே வழியில் விடுவது, வாய்க்காலில் ஆற்றைத் திருப்புவதாகும். அதற்குத் தனித் தடித்த கம்பி வேண்டும். ஆறு வோல்ட்டிலேயே நிற்க விரும்புவோர் இதற்கு எதிரான பிழையைச் செய்வதும் உண்டு. இன்று கடையில் எளிதில் கிடைக்கும் பன்னிரண்டு வோல்ட் வண்டிக்கான மெல்லிய பேட்டரிக் கம்பியை வாங்கிப் பூட்டிவிட்டு, எஞ்சின் சோம்பலாகச் சுழல்கிறதென்று மோட்டாரைக் குறை கூறுவர். குறை மோட்டாரில் இல்லை. இரட்டிப்பு ஓட்டத்தைச் சுமக்க முடியாத கம்பியில் இருக்கிறது.

வலப்புறப் பின்விளக்கு, திசைகாட்டும் விளக்கு, உருகிப் பெட்டி ஆகியவற்றைச் சேர்ப்பதாயின் தகட்டில் புதுத் துளை இட நேரும். துளையை வண்ணம் பூசுமுன் இட வேண்டும். பூசியபின் இட்டால் துளையின் விளிம்பிலிருந்து துரு தொடங்கும். இதற்காகவும் முடிவு முந்தி வர வேண்டும். புதிய கோவையைத் தக்க நிறத்திலும் நீளத்திலும் செய்து வாங்குவதற்குக் காலம் பிடிக்கும் என்பதும் கருதத்தக்கது.

இனிப் பூட்டும் வேலை. இதைத் தொடக்கத்திலேயே செய்துவிடும் ஆர்வலர் உண்டு. அவர் பூட்டிய புதிய கம்பியின் அருகில் பிறகு வெல்டிங் நடக்கும். பொறி தெறித்துக் காப்பு உருகும். மணல் வீசித் துருவெடுக்கையில் பின்னல் கிழியும். இறுதியில் வண்ணம் பூசுவோர் கம்பியின்மேலும் பூசிவிடுவர்; நிறக்குறி மறைந்துபோகும். மறுபுறம், இறுதிக்குத் தள்ளிவைப்போர் படும் பாடு வேறு. டேஷ்போர்டு மூடிவிட்டது, கூரைத்துணி ஏறிவிட்டது, இருக்கை பூட்டியாயிற்று. ஒருவர் மல்லாந்து படுத்து, தலைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரலால் தடவித் திருகைத் தேட வேண்டியிருக்கும். அந்நிலையில் முன்சுவர்த் துளையில் ரப்பர் வளையம் பொருத்த மறப்பது எளிது. வளையமில்லாத துளையின் கூரிய விளிம்பு, வண்டியின் ஒவ்வோர் அதிர்விலும் புதிய கம்பியை அறுத்துக்கொண்டிருக்கும். புதுக்கிய வேலையே அடுத்த தீக்கு விதையாகும்.

ஆகவே நடுவிடம் எதுவென்றால், வண்ணம் பூசி உலர்ந்து, கேபின் சட்டத்தின்மேல் அமர்ந்தபின். ஆனால் அளவிகளும் கூரைத்துணியும் இருக்கையும் ஏறுமுன். அப்போது உள்ளே நின்று இரு கைகளாலும் வேலை செய்யலாம், ஒளி விழும், துளைகள் கண்ணுக்குத் தெரியும். இன்னும் ஒரு வரம்பும் உண்டு. பெட்ரோல் தொட்டி இருக்கைக்குப் பின்னே ஏறுவதற்கு முன்பே கம்பி பூட்டிச் சோதனையும் முடிந்திருத்தல் வேண்டும். முதல் முறை மின்சாரம் பாயும் நேரத்தில் அறைக்குள் எரிபொருள் இருக்கத் தேவையில்லை.

பூட்டும்போது பலரும் மறக்கும் ஒன்று எர்த் எனப்படும் திரும்புவழி. விளக்குக்குச் செல்லும் மின்சாரம் கம்பியில் போகிறது. திரும்பி வருவதோ வண்டியின் இரும்பு உடல் வழியாக. பழைய வண்டியில் இரும்பும் இரும்பும் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தன. புதுக்கிய வண்டியில் ஒவ்வொரு தகட்டுக்கும் இடையே தடித்த வண்ணப்பூச்சு. வண்ணம் மின்சாரத்தை விடாது. கேபின் ரப்பர் அணைகளின்மேல் அமர்கிறது, ரப்பரும் விடாது. பின்தொட்டியின் தளமோ மரம். கண்ணாடிபோல் மின்னும் வண்டியில் விளக்கு மங்கலாக எரிவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. எஞ்சினுக்கும் சட்டத்துக்கும், சட்டத்துக்கும் கேபினுக்கும் இடையே செம்புப் பட்டை இணைக்க வேண்டும். இணையும் இடத்தில் வண்ணத்தைச் சுரண்டி இரும்பை வெளிக்காட்ட வேண்டும். பேட்டரியின் எந்த முனை உடலோடு சேர்வது என்பதையும் முன்னரே பார்த்துவைக்க வேண்டும். இந்தச் செவர்லேயில் அது எதிர்முனை. 1955 வரையிலான ஃபோர்டு டிரக்கிலோ நேர்முனை. ஒரு வண்டியின் பழக்கத்தை மற்றொன்றில் காட்டினால் இழப்பு நேரும்.

முதல் மின்சாரத்தைப் பாய்ச்சவும் ஒரு முறை உண்டு. பேட்டரியை நேரே இணைக்காமல், இடையே ஒரு விளக்கைத் தொடராக வைத்து இணைப்பர். எல்லா விசைகளும் அணைந்திருக்கையில் அவ்விளக்கு எரியாதிருத்தல் வேண்டும். அது முழு ஒளியுடன் எரிந்தால், எங்கோ ஒரு கம்பி தகட்டைத் தொடுகிறது என்று பொருள். விளக்கின் தடை ஓட்டத்தை அடக்குவதால் கம்பி எரியாது; பிழை மட்டும் வெளிப்படும். பிழை நீங்கியபின்னரே பேட்டரி நேராக இணைகிறது. அப்போதும் முதன்மைக் கம்பியில், பேட்டரிக்கு அருகில், தக்க உருகி ஒன்றுடன். அந்த உருகி 1947இல் இல்லை. அதைச் சேர்ப்பது வரலாற்றுக்குத் துரோகம் என்று கருதுவோர், பெட்ரோல் தொட்டி எங்கே இருக்கிறது என்பதை மறந்தவர் ஆவர்.

இங்கே, கவிஞர்களுக்கு நெருக்கமான வினா ஒன்று எழுகிறது. கம்பியை மாற்றிய வண்டி அதே வண்டிதானா? உலகெங்குமுள்ள பழைய வண்டிச் சங்கங்களின் கூட்டமைப்பு தூரின் நகரின் பெயரால் ஒரு சாசனம் வகுத்திருக்கிறது. கட்டடங்களைக் காப்பதற்கு 1964இல் எழுந்த வெனிஸ் சாசனம் அதற்கு முன்மாதிரி. பாதுகாப்பின் பொருட்டுச் செய்யும் மாற்றம் கண்ணை உறுத்தாமலும், இயன்றவரை பின்னர் விலக்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும். கழற்றிய முக்கியப் பகுதிகளை வண்டியுடனே காத்துவைப்பது நலம் என்பது அதன் கருத்து. இந்நெறி கம்பிக்கு மிகப் பொருந்தும். உள்ளே நெகிழிக் காப்பும் வெளியே பழைய நிறப் பருத்திப் பின்னலும் கொண்ட கம்பி இன்று கிடைக்கிறது. பழைய வழியிலேயே சென்று, பழைய கவ்விகளிலேயே தங்கி, பழைய நிறத்தையே காட்டி, பழைய வேலையையே அது செய்கிறது. மாறியது உதிர்ந்த ரப்பர் மட்டுமே. சேர்த்த உருகியும் கண்ணில் படாத இடத்தில் இருந்து, வேண்டும்போது கழற்றத்தக்கதாக அமையலாம்.

தமிழர்க்கு இது புதிய செய்தியன்று. பனையோலைக்கு ஆயுள் உண்டு என்பதை அறிந்தே, ஓலை செல்லரிக்குமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதினர். அவ்வாறு பெயர்த்தெழுதியதால்தான் நூல்கள் இந்நாள்வரை வந்தன. ஓலை மாறியதால் நூல் மாறிற்று என்று எவரும் சொல்வதில்லை. எழுத்து மாறினால் மட்டுமே சொல்வர். ஆனால் இன்னொரு பாடமும் அங்கே உண்டு. பழுதுற்ற ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட வழக்கத்தால் நேர்ந்த இழப்பைப் பதிப்பு வரலாறு அறிந்தோர் அறிவர். பிரதி எடுத்தவர் எங்கே பிழைத்தார் என்று சரிபார்க்க மூல ஏடு இல்லாமற்போயிற்று. பழைய கம்பிக் கோவையும் அவ்வாறே. கழற்றியபின் அதைக் குப்பையில் எறியாமல், சீட்டுகளுடன் சுருட்டி, வண்டியின் உடைமையாகவே பெட்டியில் வைக்க வேண்டும். அடுத்து வருபவர் ஐயம் கொண்டால் அதுவே விடை சொல்லும்.

ஒத்திப்போடும் மனத்தைப் பற்றிச் சில சொற்கள் கூறி உரையை முடிப்பது பொருந்தும். புதுக்குவோர் அனைவருக்கும் கண்ணுக்குத் தெரியும் வேலையில் ஆசை மிகுதி. வண்ணத்தையும் குரோமியப் பட்டையையும் காண்போர் பாராட்டுவர்; டேஷ்போர்டின் பின்னே கிடக்கும் கம்பியை எவரும் காண்பதில்லை. பணம் குறையும்போது முதலில் தள்ளிப்போவது கம்பிதான். ‘இப்போதைக்கு ஓட்டிப் பார்ப்போம், குளிர்காலத்தில் மாற்றிக்கொள்ளலாம்’ என்பது அப்போது எழும் சொல். ஆனால் பணம் குறைந்தால் தள்ளிப்போட வேண்டியது வண்ணத்தை, அல்லது ஓட்டுவதை. வண்ணமில்லாத வண்டி அழகற்றது, அவ்வளவே. கம்பி கெட்ட வண்டியோ, தானும் எரிந்து தன்னை நேசித்தவரையும் எரிக்கக்கூடியது. எரிந்த வண்டியில் மூலம் என்றும் நகல் என்றும் பேச ஒன்றும் மிஞ்சாது.

ஆதலால் விடை இதுவே. வண்டி கொட்டகையை விட்டு வெளியே வந்த முதல் வாரத்திலேயே கம்பியைச் சுமையேற்றிச் சோதித்து, மாற்றுவதா என முடிவு செய்க. மாற்றுவதாயின் பழையதைப் படித்து, குறித்து, முழுதாக எடுத்து வைக்க. வண்ணம் உலர்ந்தபின், உள்ளறை மூடுமுன், பெட்ரோல் ஏறுமுன் புதியதைப் பூட்டுக. பூட்டியதை விளக்குக் கொண்டு சோதித்தபின்னரே நம்புக.

பத்தாண்டுகள் பழையதையும் புதியதையும் ஒரே அவையில் அமர்த்திப் பேசிவந்த இவ்வட்டம், இன்னும் பல பத்தாண்டுகள் அப்பணியைத் தொடர்க.